மாட்டெலும்பு என்று சொல்லலாமா

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு உலையின் சூட்டைப் பற்றியும் துகள்களின் அளவைப் பற்றியும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு உலைகளே மாறிவிட்டன. அதனால் அதிலெல்லாம் நான் தலையிடப்போவதில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். நாம் செய்கிற பொருள் மாத்திரை மாதிரி உடம்புக்குள் போய்க் கரைந்து வெளியேறுவது அல்ல. அது ஒரு மனிதருடைய எலும்புக்குள் போகிறது. அவருடைய எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதற்கப்புறம் நாமே நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்க ஷெட்டில் நாங்கள் இதை ஆரம்பித்தோம். முதலாளியின் குடும்பம் தலைமுறையாகப் பம்ப் செய்கிற குடும்பம். வெளிநாட்டிலிருந்து வரும் எலும்பு நிரப்பும் பொருளை நம் ஊர்ச் சனங்கள் விலை கொடுத்து வாங்க முடிவதில்லை என்று அவருடைய நண்பரான எலும்பு டாக்டர் ஒருவர் ஒருநாள் சொல்ல, 'இங்கேயே செஞ்சா என்ன' என்று கேட்டவர் முதலாளி. நான் உயிர்வேதியியல் படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். விளம்பரத்தைப் பார்த்துப் போனேன். உலையைக் கட்டித் தந்தவர் கணபதியில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்தவர். 'எலும்பைச் சுடறதுக்கா?' என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

செய்முறையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மாட்டின் தொடை எலும்பை வேகவைத்து, கொழுப்பை எடுத்து, இரும்பு சிவக்கிற சூட்டில் சுடுவோம். சதை, கொழுப்பு, கிருமி எல்லாம் எரிந்துபோய் வெள்ளை வெளேரென்று தாது மட்டும் மிஞ்சும். அதை உடைத்துத் துகளாக்குவோம். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கும். பந்தல் போட்டால் அவரைக்கொடி ஏறுகிற மாதிரி, மனிதனின் எலும்பு அந்தத் துளைகளுக்குள் ஏறி வளரும். வேகவைக்கிற அன்றைக்கு அடிக்கிற நாற்றத்தில் எதிர் டீக்கடைக்காரர் பெஞ்சையெல்லாம் உள்ளே எடுத்துப் போட்டுவிடுவார். அவருக்குச் சமாதானம் சொல்லவே நான் தினம் இரண்டு டீ குடித்தேன்.

எலும்பு கொண்டுவந்து கொடுத்தவர் கோட்டைமேட்டு அப்பாஸ் பாய். தோல், எலும்பு வியாபாரம். மாட்டு டாக்டர் பார்த்து நல்லது என்று சொன்ன மாடுகளின் எலும்பைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அவர் அப்படியே செய்தார்.

முயலிலும் ஆட்டிலும் வைத்துப் பார்த்தது நன்றாக வந்திருந்தது. அந்த டாக்டருடைய ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவும் மனிதருக்கு வைத்துப் பார்க்க அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த முதல் நோயாளிதான் தாராபுரம் பக்கத்துப் பொன்னுசாமி.

நாற்பதைத் தாண்டிய விவசாயி. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் தலைப்பகுதியில் கட்டி. உயிரைக் கொல்கிற புற்றுநோய் இல்லை. ஆனால் எலும்பை உள்ளிருந்து தின்றுகொண்டே போகிற கட்டி. ஒருமுறை வேறு ஊரில் சுரண்டி எடுத்து, அவருடைய இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குழியை நிரப்பியிருந்தார்கள். மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை குழி பெரிது. இடுப்பில் எடுப்பதற்குப் போதுமான எலும்பு இல்லை. டாக்டருக்கு இரண்டே வழிகள். ஒன்று, சுரண்டிவிட்டு நம் பொருளை வைத்து நிரப்புவது. இன்னொன்று, முழங்கால் மூட்டையே வெட்டியெடுத்துக் கம்பி போட்டு இறுக்கிவிடுவது. இரண்டாவதைச் செய்தால் முழங்கால் சாகும்வரை மடங்காது. குந்தி உட்கார்ந்து பால் கறக்கிற மனிதருக்கு அது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் நம் பொருளின் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொருள் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று நோயாளி கேட்டதாகச் சொன்னார்கள். வார்டுக்குப் போனேன். கட்டிலில் பொன்னுசாமி காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தெய்வானை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதான் அதைச் செய்யறவீங்களா?" என்றார் தெய்வானை.

"ஆமாங்க. நாங்க நாலஞ்சு பேரு சேர்ந்து செய்யறோம்."

"டாக்டரு பீங்கானாட்டம் ஒரு பொருள்னு சொன்னாருங்க. பீங்கான்னா ஒடையுமுங்களே. இவரு காட்டுல மேட்டுல ஏறி எறங்கறவரு."

அது டீக் கோப்பைப் பீங்கான் இல்லை, எலும்பில் இருக்கிற அதே தாதுதான், கால் எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அந்த அம்மாள் சுளையைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"எலும்புன்னா, ஆரோட எலும்புங்க?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்து சொல்றனுங்க" என்று வெளியே வந்தேன். அவருடைய நோயாளி, அவரைக் கேட்காமல் நான் பேசக்கூடாது என்று நினைத்தேன்.

டாக்டர் அறையில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் சொன்னதுல பொய் என்னம்மா இருக்குது? சுட்டுட்டா அது பீங்கான்தானே. அதுல மாடும் இல்லை, சதையும் இல்லை."

"பொய் இல்லீங்க டாக்டர். ஆனா இப்ப அவங்க நேரா கேட்டுட்டாங்க. இனிமேலும் பீங்கான்னே சொன்னா அது பொய்யாயிருமுங்க."

அவர் படத்தைக் கீழே வைத்தார். "இங்க பாரு. அந்த மனுசன் ஊட்டுல காங்கேயம் மாடு கட்டியிருக்காரு. பட்டிப் பொங்கலுக்கு அதுங்க கால்ல தண்ணி ஊத்திக் கும்புடறவரு. நீ சொன்னா எந்திரிச்சுப் போயிருவாரு. இந்த எலும்பு முட்டை ஓடாட்டம் இருக்குது. போற வழியில படக்குன்னு ஒடைஞ்சா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுச் செய்." சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு கால் போகலாம். புத்தகத்தில் படிக்கும்போது இது சுலபமான கேள்வி. முட்டை ஓடு மாதிரி எலும்பு உள்ள மனிதர் பத்தடி தூரத்தில் படுத்திருக்கும்போது சுலபம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். அவருக்கு எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"சொன்னா என்ன ஆகும்?"

"வேண்டாம்னு போயிருவாங்கன்னு டாக்டர் நெனைக்கறாருங்க."

"சொல்லாட்டி?"

"நாளைக்கு வெச்சுருவாங்க. அப்பறம் எப்பவாவது தெரிய வருமுங்க."

"தெரிஞ்ச பொறகு, எனக்கு வேண்டாம், எடுத்துருங்கன்னா எடுக்க முடியுமா?"

"முடியாதுங்க. எலும்போட எலும்பா ஆயிருக்கும்."

அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. "நம்ம பம்ப்பு பிடிக்கலீன்னா கெணத்துல இருந்து கழட்டிக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிருவாங்க. இதுக்கு அந்த வழி இல்லை. அப்ப முன்னாலயே சொல்லிரோணும்மா. போய்ச் சொல்லிரு."

அந்த ஒரு வரியை நான் எங்கும் படித்ததில்லை. பல வருஷங்கள் அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். மாட்டெலும்பு என்றே சொன்னேன். எங்கிருந்து வருகிறது, எப்படிச் சுடுகிறோம், கடைசியில் மிஞ்சுவது என்ன, ஒவ்வொன்றாகச் சொன்னேன். தெய்வானை முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டார். பொன்னுசாமி என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க போங்க அம்மணி," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை அவர்கள் கட்டிலைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இப்பத் திருப்தியா?" என்று கேட்டார். பொருளைப் பற்றிய கவலை எனக்கு அப்போது வரவேயில்லை. மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுகிற ஒரு மனிதர்தான் கண்ணை மூடினால் தெரிந்தார். ஷெட்டில் கூட வேலை செய்தவர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். அந்த நாட்களில் யாராவது என்னிடம் நீ செய்தது சரியா என்று கேட்டிருந்தால், தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலை ஒர்க்‌ஷாப் வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. தெய்வானை இறங்கி, மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தார். கட்டைகளை ஊன்றிக்கொண்டு பொன்னுசாமி இறங்கினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தது அவர் முகத்தை இல்லை, அந்தக் காலைத்தான். முழுதாக இருந்தது.

"எப்படிச் செய்யறீங்கன்னு கண்ணுல பாக்கோணுமுங்க," என்றார். "பாத்துபோட்டு மனசுல பட்டதைச் சொல்றனுங்க."

எங்கள் ஷெட் சூப்பர்வைசர் என்னைத் தனியாக இழுத்தார். அன்றைக்குப் பார்த்து அப்பாஸ் பாயின் டெம்போ பின்பக்கம் நின்றுகொண்டிருந்தது. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. "மேடம், பின்னாடி ரூமைப் பூட்டிரலாமுங்க. முன்னாடி வெள்ளைத் துகளை மட்டும் காட்டி அனுப்பிரலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் முன்பக்கம் மட்டும் காட்டுவதும், பீங்கான் என்று மட்டும் சொல்வதும் ஒன்றுதான். நான் பின்பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

பொன்னுசாமி மூட்டைகளைப் பார்த்தார். பச்சை எலும்புகளைப் பார்த்தார். ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். அப்பாஸ் பாய்க்கு இவர் யார் என்று தெரியாது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

"ஏனுங்க, இதெல்லாம் எந்த ஊரு மாடுங்க?" என்று கேட்டார் பொன்னுசாமி.

"பலதும் வருமுங்க. பொள்ளாச்சிச் சந்தையில இருந்து வரும். பக்கத்துல இருந்தும் வரும்."

"காங்கேயம் மாடுங்களா?"

அப்பாஸ் பாய் என்னைப் பார்த்தார். அவர் சொன்னார்: "எலும்பை வெச்சு அது எந்த மாடுன்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. காங்கேயமாவும் இருக்கலாம். இல்லைன்னு சொன்னா உங்க மனசு குளிரும், ஆனா எனக்குத் தெரியாதுங்களே."

பொன்னுசாமி மூட்டைகளை மறுபடி பார்த்தார். பிறகு எங்களிடம் இல்லாமல் மனைவியிடம் சொன்னார்.

"வருசா வருசம் வயசான எருதை நாமதான் பொள்ளாச்சிக்கு ஓட்டிட்டுப் போறோம். துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சு வெலை பேசி, கயித்தை மாத்திக் குடுத்துபோட்டு, திரும்பிப் பாக்காம பஸ் ஏறிர்றோம். அது எங்க போவுதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருப்பமா?"

தெய்வானை அவர் தோளைத் தொட்டார். "நான் அன்னைக்கே மனசைத் தேத்திக்கிட்டனுங்க மாமா. நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

உலையைக் காட்டினேன். சுட்டு எடுத்த வெள்ளை எலும்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கனமே இல்லை என்றார். முகர்ந்து பார்த்தார். மாட்டுக்கு ஏதாவது நோவு இருந்திருந்தால் இதிலும் இருக்குமா என்று கேட்டார். அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது என்றேன். காலில் வைத்தால் நிச்சயம் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆட்டுக்கும் முயலுக்கும் நன்றாக வந்தது, மனிதர்களில் நீங்கள்தான் முதல் ஆள், நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அதைக் கேட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"சரிங்க. வெச்சுருங்க. ஆனா ஒண்ணு. எங்கூர்ல ஆராச்சும் கேட்டா நானே சொல்லிக்கறனுங்க. நீங்க ஆருகிட்டயும் சொல்லப்படாது."

அவர் ஊரும் பேரும் தெரியாதபடி இதையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வாக்கை இன்னும் காப்பாற்றுகிறேன்.

புதிதாக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் நீளமாக மூச்சு விட்டார். எலும்பின் ஓடு இன்னும் மெலிந்திருந்தது, ஆனால் உடையவில்லை. அதே வாரம் ஆபரேஷன் நடந்தது. நம் துகள்கள் குழிக்குள் போயின. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தையல் ஓரத்தில் தெளிவான நீர் கசிய ஆரம்பித்தது.

இந்த மாதிரிப் பொருள் வைத்த இடத்தில் கொஞ்ச நாள் நீர் கசிவது உண்டு என்று இன்று நமக்குத் தெரியும். அன்றைக்கு எங்களுக்கு அது முதல் நோயாளி. டாக்டர் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு என்னையும் வரச்சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் வார்டுக்குள் நுழையும்போது உள்ளே குரல் உயர்ந்து கேட்டது. தெய்வானையின் தம்பி. ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"உங்க காலுக்குள்ள மாட்டெலும்பை வெச்சுத் தெச்சிருக்கறாங்க மச்சான். அதான் சீழ் கோக்குது. இவிங்களை நான் சும்மா விடமாட்டேன். இப்பவே எடுக்கச் சொல்லுங்க."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் என் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். அவர் கை கதவைப் பிடித்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

பொன்னுசாமி தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியும் மாப்ள," என்றார். "வெக்கறதுக்கு முன்னாலயே சொன்னாங்க. நானே போயி மூட்டையைப் பாத்துட்டு வந்துதான் சரின்னேன். நீ உக்காரு. பழம் தின்னு."

அந்த இளைஞர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் வெளியே வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் நெனைச்சபடி நீ சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நாம நின்னிருக்க முடியாதும்மா" என்றார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குத்தான் வந்தது.

பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. நீர் தானாகக் குறைந்து நின்றுபோனது. பிறகு காத்திருந்தோம். எக்ஸ்ரேயில் நம் துகள்கள் முதல் நாளே வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் எலும்பு வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று உடனே சொல்ல முடியாது. ஆரம்பத்தில் ரவையைக் கொட்டிவைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மாதங்கள் போகப்போக ரவையின் ஓரங்கள் மங்கின. ஒருநாள் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது ரவை, எது எலும்பு, காட்டு பாக்கலாம்" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக எந்தக் கேள்வியிலும் நான் தோற்றதில்லை.

பொன்னுசாமி கட்டைகளை விட்டுவிட்டு டாக்டர் அறையில் நடந்தார். பிறகு யாரும் கேட்காமலே மெதுவாகக் குந்தி உட்கார்ந்து காட்டினார். "எந்திரிங்க, எந்திரிங்க" என்று டாக்டர்தான் பதறினார்.

அதற்கப்புறம் பொருளைப் பலர் வாங்க ஆரம்பித்தார்கள். நம் பாக்கெட்டின் மேல் எதிலிருந்து செய்தது என்று பெரிய எழுத்தில், தமிழில் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். விற்பனைக்குப் போகிற பையன்கள் முணுமுணுத்தார்கள். அவர் கேட்கவில்லை. டாக்டரும் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியையும் வீட்டாரையும் உட்காரவைத்து அவரே சொல்வார். நர்ஸிடம் விடுவதில்லை.

நீங்களும் ஒருநாள் அப்படி ஒரு நோயாளிக்கு எதிரே நிற்க வேண்டிவரும். அன்றைக்குச் சொல்வதற்கு நல்ல வார்த்தை தேடாதீர்கள். பொருளின் பெயரைச் சொல்லுங்கள். கேட்கிறவர் முகம் மாறினால் மாறட்டும். அவர் யோசிப்பதற்கு நேரம் கொடுங்கள். பொன்னுசாமியின் கால் உடையாமல் தப்பித்தது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். உடைந்திருக்கலாம். உடைந்திருந்தால் நான் இந்தக் கதையை வேறு குரலில் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அப்போதும் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருஷமோ என்னவோ, ஒரு மத்தியானம் டாக்டர் போன் செய்தார்.

"ஏம்மா, இன்னைக்கு ஒருத்தரு வேண்டாம்னுட்டாரு. பூரா சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. எனக்கு ஒத்துவராதுங்க, இடுப்பெலும்பையே எடுத்து வெச்சுருங்கன்னாரு. குழி சின்னதுதான், அதுவே போதும். பாக்கெட்டைத் திருப்பி அனுப்பறேன்."

அவர் குரலில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. எனக்கும் இல்லை. பாக்கெட் மாலையே திரும்பி வந்தது, சீல் பிரிக்காமல். அதை அலமாரியில் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நான் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன்.